வீட்டிலே கட்டும் விமானம்: பிரித்துத் தைப்பதுதான் பெரும்பாடு

பிள்ளையின் சட்டைக்குக் கை வைத்துத் தைத்து முடித்த பிறகுதான், இடக்கையை வலப்பக்கத்தில் வைத்துவிட்டோம் என்பது தெரியவருகிறது. இப்படி ஒரு நாளாவது நடக்காத தையல்காரி உண்டா? அப்போது என்ன செய்வீர்கள்? பிளேட்டை எடுத்து, நூலை ஒவ்வொன்றாக அறுத்து, துணி கிழியாமல் பிரிப்பீர்கள். தைக்க எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் போகும். பிரித்த பிறகும் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும். பருத்தித் துணி என்றால் கழுவிக் காயப்போட்டதும் அவை மூடிக்கொள்ளும். தோல், றெக்சீன் என்றால் மூடாது. பழைய துளையிலேயே மறுபடியும் ஊசியை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கிழிந்து போகும்.

இப்போது துணிக்குப் பதிலாக அலுமினியத் தகடு, நூலுக்குப் பதிலாக ஆணி, சட்டைக்குப் பதிலாக ஆகாய விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போகும் கதை அதுதான்.

விமானத்தை யார் வீட்டில் கட்டுகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதைச் செய்கின்றன. 1953ஆம் ஆண்டு போல் போபரெஸ்னி என்பவர் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் இதற்கென்று ஒரு சங்கத்தையே தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் ஒஷ்கொஷ் என்ற ஊரில் அச்சங்கம் நடத்தும் விமானக் கண்காட்சியில், சொந்தக் கையால் கட்டிய விமானங்களில் வந்து இறங்குகிறவர்கள் ஏராளம்.

அமெரிக்கச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. வேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்கள் தாமே செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏறும் வாசலருகே ‘பரிசோதனை விமானம்’ என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். வழமையான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி இது கட்டப்படவில்லை என்ற எச்சரிக்கையும் உள்ளே, ஏறுகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தன் மனைவியையும் மக்களையும் அந்த எழுத்தைத் தாண்டி உள்ளே ஏற்றப் போகிறவர், ஓர் ஆணியையாவது அலட்சியமாக அடிப்பாரா?

பெட்டியில் வரும் விமானம்

எல்லாரும் வெறுந்தகட்டிலிருந்து தொடங்குவதில்லை. வெட்டிய தகடுகளையும் துளைகளையும் படங்களையும் தொகுப்பாகத் தரும் கம்பனிகள் இருக்கின்றன. அவற்றில் பேர்போனது 1973இல் றிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் தொடங்கிய வான்ஸ் எயார்கிராஃப்ட். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கிறது. அவர்களுடைய ‘ஆர்வி’ வகை விமானங்களில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இதுவரை வானில் ஏறியிருக்கின்றன.

பெரும்பாலும் முதலில் வால் பகுதியின் பெட்டிதான் வரும். காரை வெளியே நிறுத்திவிட்டு, அது நின்ற கொட்டிலில் மேசை போடுவார்கள். வால், பிறகு சிறகு, பிறகு உடல் என்று ஒவ்வொன்றாக முடித்துப் பறக்கவிட ஆண்டுக்கணக்காகும். ஓய்வு நேரத்தில் மட்டுமே செய்கிறவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மணித்தியாலங்கள் என்பது சாதாரணம்.

வேலை ஏறக்குறைய நம்முடைய தையல் வேலைதான். உள்ளே விலா எலும்பு போன்ற வளைத்த தகடுகள். அவற்றின் மேலே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள மேல்தகடு. இரண்டையும் பிணைப்பது றிவெட் எனப்படும் சிறு ஆணி. நாம் துணியைத் தைக்குமுன் குண்டூசி குத்திக்கொள்வது போல, அவர்கள் ‘கிளீக்கோ’ என்ற விற்சுருள் ஊசிகளைத் துளைகளில் மாட்டித் தகடுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பொருந்தினால் கழற்றி, ஒவ்வொரு துளையின் பிசிறையும் நீக்கி, அரிக்காமலிருக்க உள்பூச்சுப் பூசி, மறுபடி மாட்டுவார்கள். ஆணியின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் காற்று தடைப்படும் அல்லவா? அதனால் துளையைச் சுற்றி, குடை கவிழ்ந்தது போல ஒரு சிறு குழியை அழுத்தி எடுப்பார்கள். தலை அக்குழிக்குள் அமர்ந்து மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடும். இந்தக் குழியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணி அடிக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் ஆணித் தலையைத் தட்ட, உள்ளே மற்றவர் ஓர் இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கித் தட்டையாகித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். நசுங்கிய வாலின் அகலம் ஆணியின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி என்று அளந்து பார்க்க வேண்டும். வால் பகுதியின் ஒடுங்கிய மூலைக்குள் பெரிய கை நுழையாது. அதனால் அந்தக் கட்டியைப் பிடிப்பது பல வீடுகளில் மனைவியாக இருக்கும், அல்லது மகளாக இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க, பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் போர் விமானங்களுக்கு ஆணி அடித்தவர்களில் எத்தனையோ பேர் பெண்கள்தான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

துளையோரத்து வெடிப்பு

இனி விஷயத்துக்கு வருவோம். கொவிட் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் விமானத் தொகுப்புகளை வாங்கிக் குவித்தார்கள். வான்ஸ் கம்பனியின் அச்சுத் துளைக்கும் இயந்திரங்களால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சில பாகங்களை வெளியில் கொடுத்து லேசர் கதிரால் வெட்டுவித்தார்கள். பார்வைக்குப் பாகங்கள் பளிச்சென்றுதான் இருந்தன. ஆனால் லேசர் வெட்டுவது உருக்கியல்லவா? துளையின் விளிம்பு சூட்டில் மாறியிருந்தது. கதிர் வெட்டத் தொடங்கி முடித்த இடத்தில் நகத்தால் கீறினாற் போல ஒரு சிறு பள்ளமும் இருந்தது. நான் சொன்ன அந்தக் குழியை அழுத்தியபோது, சில துளைகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின.

கண்டுபிடித்துச் சொன்னவர்கள் கட்டுகிறவர்களே. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்! 2023இல் கம்பனி இதை ஒப்புக்கொண்டு சோதனைகள் செய்தது. சில பாகங்களை மாற்றியே ஆக வேண்டும், சிலவற்றை அப்படியே பாவிக்கலாம் என்று பட்டியல் வெளியிட்டது. மாற்றுப் பாகம் கேட்க உரிமையுள்ள வாடிக்கையாளர்கள் 1,800க்கும் மேல். இதுவும் வேறு சுமைகளும் சேர்ந்து, 2023 டிசம்பர் 4ஆம் திகதி கம்பனி கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்க வேண்டியதாயிற்று. விலைகள் கூடின. 2024இல் அது அந்த நிலையிலிருந்து வெளியே வந்து தொடர்ந்து இயங்குகிறது.

கம்பனியின் கதை அது. வீட்டின் கதை வேறு. ஈராண்டு உழைத்து ஆணி அடித்து மூடிய வால் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் விலாத் தகடுகளில் இரண்டு, மாற்ற வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. தபாலில் புதுத் தகடு வந்துவிட்டது. இனி அதை எப்படி உள்ளே போடுவது?

முதல் வேலை, பழையதை வெளியே எடுப்பது. அதுதான் கஷ்டம். ஆணியின் தலையில் நேர் நடுவே துளையிட வேண்டும். ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு விட்டமுள்ள ஆணிக்கு 40ஆம் இலக்கத் துளையூசி. தலையின் ஆழம் வரைதான் இறக்க வேண்டும், அதற்குமேல் ஒரு நூல்கூடக் கூடாது. பிறகு துளைக்குள் ஒரு கம்பியை விட்டு மெல்லச் சரித்தால் தலை மட்டும் உடைந்து வரும். மிச்சமுள்ள தண்டை, பின்னால் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, மெதுவாகத் தட்டி வெளியே தள்ள வேண்டும். முட்டுக் கொடுக்காமல் தட்டினால் தகடு நெளியும். துளையூசி நடுவைவிட்டுச் சறுக்கினால் நல்ல தகட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். ஒரு மேல்தகட்டைத் திறக்க இப்படி எத்தனை ஆணிகள் தெரியுமா? நூற்றுக்கணக்கில்!

அனுபவசாலிகள் இங்கே ஒன்று சொல்வார்கள். எறியப் போகும் பாகத்துக்கு இரக்கம் காட்டாதே, இருக்கப் போகும் பாகத்தைக் காப்பாற்று. விலாத் தகடு எப்படியும் குப்பைக்குத்தான். அதைத் தகரம் வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கிவிட்டால் ஆணியின் வால் இளகிக் கொடுக்கும், மேல்தகட்டில் இழுவை விழாது. கொலர் பழுதான சட்டையில் கொலரை நடுவே வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பொறுமையாகப் பிரிப்பதைப் போல. ஆனால் ஆண்கள் பலர் பழைய பாகத்தையும் முழுசாக எடுத்துப் பத்திரப்படுத்தப் பார்த்து இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. நம் வீட்டுக் களஞ்சிய அறைகளைப் பார்த்தாலே அந்தக் குணம் தெரியாதா?

துளை பெரிதாகிவிட்டால் என்ன வழி? அடுத்த அளவு ஆணி போடலாம். ஆனால் அதன் தலையும் பெரிது, பழைய குழிக்குள் அமராது. இதற்கென்றே தண்டு தடித்து, தலை மட்டும் சிறிதாக இருக்கும் ஓர் ஆணி உண்டு. கட்டுகிறவர்கள் அதை விளையாட்டாக ‘ஊப்ஸ் றிவெட்’ என்பார்கள். நம் பாஷையில் ‘ஐயோ ஆணி’ என்று சொல்லலாம்! அதையும் கண்டபடி போட முடியாது. துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை, ஆணி விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இடம் இருக்க வேண்டும். துளை பெருக்கப் பெருக்க அந்த இடம் போதாமல் போகும். போதாவிட்டால் மேல்தகடும் போயிற்று. இரண்டு விலாவை மாற்றப் போனவர் முழு வாலையும் புதிதாகக் கட்டிய கதை இப்படித்தான் உண்டாகிறது.

புதுத் தகடு பொருந்துமா?

அச்சில் வார்த்தது போலத் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுத் தகடு, பழையது இருந்த இடத்தில் அப்படியே உட்காரும் என்றுதான் நினைப்போம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. பழைய தகடும் மேல்தகடும் ஒன்றாக மாட்டித் துளைக்கப்பட்டவை, ஒன்றுக்கொன்று பழகியவை. புதியது அந்தப் பழக்கம் இல்லாதது. நாலைந்து துளைகள் ஒரு மயிரளவு விலகி நிற்கும். கிளீக்கோ ஊசிகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி மாட்டிக்கொண்டு போனால், விலகல் ஓர் ஓரத்தில் சேராமல் பரவும். அப்போதும் சேராவிட்டால் பலவந்தமாக இழுத்து ஆணி அடிக்கக் கூடாது. அப்படி அடித்தால் விமானம் தரையில் நிற்கும்போதே தகட்டில் இழுவை இருக்கும். அந்த இழுவையோடு எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும்.

துளையில்லாத வெறும் தகட்டைப் போடுவதானால், மேல்தகட்டில் உள்ள பழைய துளைகளுக்கு நேரே புதிய தகட்டில் துளையிட வேண்டும். கண்மட்டத்தில் குறித்தால் பிசகும். அதற்கு இடுக்கி போன்ற இருகால் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு காலில் உள்ள முளை பழைய துளைக்குள் அமரும். மறுகாலில் உள்ள வளையம் துளையூசிக்கு வழிகாட்டும். நம்மில் பட்டன் துளைக்கு அட்டை வைத்துக் குறிக்கிறவர்களுக்கு இது விளங்கும்.

குறிப்பது என்றதும் ஒன்று. அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடக் கூடாது! பென்சில் கரியும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக் கோட்டின் வழியே தகடு அரித்துப் போகும். கூரான ஆணியால் கீறவும் கூடாது, கீறலே வெடிப்புக்கு வழி. மை ஊறும் பேனைதான் பாவிப்பார்கள்.

கடையில் கிடைக்கும் எந்த அலுமினியத்தையும் வெட்டிப் போடலாமா என்று கேட்டால், அதுவும் முடியாது. நம் சோற்றுச் சட்டியின் அலுமினியம் மெதுவானது, கையால் நசுக்கலாம். விமானத் தகட்டில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்திருக்கும். சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து எடுத்தபின் நாட்பட நாட்பட அது தானே இறுகிவிடும். இறுகியதைக் கடுதாசி மடிப்பதைப் போலக் கூராக மடித்தால் மடிப்பில் வெடிக்கும். தகட்டின் தடிப்பைப் போல் மூன்று நான்கு மடங்கு ஆரமுள்ள வளைவாகத்தான் வளைக்க வேண்டும். ஆகவே அதே கலவை, அதே பதம், அதே தடிப்பு. பலமாக இருக்கட்டும் என்று தடித்த தகடு போட்டாலும் பிழைதான். வாலில் ஏறி இறங்கும் பாகத்தின் பாரம் கொஞ்சம் மாறினாலும் அதன் சமநிலையை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வேகமாகப் பறக்கும்போது அது கொடி படபடப்பதைப் போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் சில நொடிகளுக்குள் வாலே கழன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன.

புதிய பாகத்தைப் பிழையாகப் பொருத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு, வீட்டு விமானமல்ல, ஒரு பெரிய விமானமே சாட்சி. 1978 ஜூன் மாதம் ஜப்பானின் ஒசாகாவில் போயிங் 747 ஒன்று இறங்கும்போது வால் தரையில் உரசியது. பின்பக்கத்தில் காற்றழுத்தத்தைத் தாங்கும் தடுப்புச் சுவரின் கீழ்ப்பாதியைக் கழற்றிப் புதிது போட்டார்கள். போட்ட பாகம் நல்ல பாகந்தான். ஆனால் பழைய பாதியோடு அதை இணைத்த இடத்தில், ஒரே துண்டாக இருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டாகப் போட்டுவிட்டார்கள். இரண்டு வரிசை ஆணிகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியது. வெளிப்பார்வைக்கு வித்தியாசமே இல்லை. அப்படியே ஏழு ஆண்டுகள், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஆணித் துளைகளின் ஓரத்தில் வெடிப்பு சிறிது சிறிதாக நீண்டது. 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி டோக்கியோவிலிருந்து 524 பேருடன் புறப்பட்டபோது அந்தச் சுவர் பிளந்தது. 520 பேர் இறந்தார்கள். பிழைத்த நால்வரும் பெண்கள். அவர்களில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள்.

பயிற்றப்பட்ட கைகளே பிசகியிருக்க, வீட்டுக் கொட்டிலில் வேலை செய்கிறவர் தன் கண்ணை மட்டும் நம்பலாமா? அதனால்தான் போபரெஸ்னி தொடங்கிய சங்கம், அனுபவமுள்ள ஆலோசகர்களைச் செலவில்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறது. மேல்தகட்டை மூடுமுன் அவர்களைக் கூப்பிட வேண்டும், மூடிய பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. பிரிட்டனில் சங்கத்தின் பரிசோதகர் ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எந்தப் பாகம், எந்தத் திகதி, ஏன் மாற்றியது, எத்தனை துளை பெரிதானது, எங்கே ‘ஐயோ ஆணி’ போட்டது எல்லாவற்றையும் படத்தோடு கட்டுமானக் கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவரும் உண்டு. பின்னொரு நாள் அந்த விமானத்தை விலைக்கு வாங்கப் போகும் குடும்பத்துக்கு அந்தக் கொப்பிதான் வழிகாட்டி.

லேசர் வெட்டிய பாகங்கள் வந்த வீடுகளில் எல்லாரும் ஒரே முடிவை எடுக்கவில்லை. பாவிக்கலாம் என்று கம்பனி சொன்னதை ஏற்று அப்படியே விட்டவர்கள் இருக்கிறார்கள், அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். சோதனை செய்து சொன்ன பேச்சு அது. பாவிக்கலாம் என்று சொல்லப்பட்டதையும் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். ‘வெடிப்பு இருக்கிறதென்று தெரிந்தபின் மேலே ஏறி நிம்மதியாக இருக்க முடியாது’ என்பது அவர்களின் கணக்கு. நானாக இருந்தால் பிரித்துத்தான் தைத்திருப்பேன். ஈராண்டு வேலை போகிறதே என்று நெஞ்சு பதைக்கும்தான். ஆனால் இரண்டாம் தடவை கட்டுகிறவரின் கை முதல் தடவையைவிடச் சுத்தமாக இருக்கும். முதல் வாலுக்குப் பல மாதங்கள் எடுத்தவர் இரண்டாவதைச் சில வாரங்களில் முடித்துவிடலாம்.

வால் மூடியாயிற்று, சிறகு மாட்டியாயிற்று, எஞ்சினும் ஏறிவிட்டது என்றாலும் குடும்பம் உடனே ஏற முடியாது. அரசாங்கப் பரிசோதகர் பார்த்து அனுமதி தந்த பிறகு, அமெரிக்காவில் வழக்கமாக 25 அல்லது 40 மணித்தியாலங்கள், குறித்த எல்லைக்குள், பயணிகள் இல்லாமல் பறந்து காட்ட வேண்டும். தொடக்கத்தில் சில மணித்தியாலம் பறந்ததும் மூடிகளைக் கழற்றி, வாலுக்குள் விளக்கடித்து, மாற்றிய விலாவின் ஒவ்வோர் ஆணியையும் சுற்றிப் பார்ப்பார்கள். ஆணி இளகி உராய்ந்தால் அதைச் சுற்றிப் புகை படிந்தது போலக் கறுப்பு வளையம் தெரியும். அப்படி எதுவும் இல்லாமல் அந்த மணித்தியாலங்கள் எண்ணி முடிந்த பிறகுதான், உள்ளே இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்து ஆசனத்தில் ஏறலாம்.